கம்பஸ் கணிதம்: திருகோணமலை மாணவர்களும் பெற்றோரும் எங்களிடம் கேட்பவை

பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்குத் திருகோணமலையில் இருந்துகொண்டு பாட உதவியும் படிப்பு ஆலோசனையும் கொடுக்கிறோம். தொலைபேசியில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

யார் யார் வரலாம்?

கம்பஸில் கணிதம் ஒரு பாடமாக இருக்கும் எவரும் வரலாம். எங்கள் மாவட்டப் பிள்ளைகள் யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, வவுனியா, சம்மாந்துறை என்று நாலா பக்கமும் போய்ப் படிக்கிறார்கள். விடுமுறையிலும் ஸ்டடி லீவிலும் வீட்டுக்கு வரும்போது நேரில் வருவார்கள், மற்ற நேரம் ஒன்லைனில் சேருவார்கள். கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பவர்கள் டிஸ்கிரீட் மெத்ஸுக்கும் புள்ளிவிபரவியலுக்கும் வருகிறார்கள். பொறியியல் முதலாம் வருடக்காரர்களும் உண்டு. உயர்தர மாணவர்களை எடுப்பதில்லை. அதற்கு ஊரில் தெருவுக்குத் தெரு ரியூசன் இருக்கிறது.

இணைந்த கணிதத்தில் 'ஏ' எடுத்தேன். முதல் செமஸ்டரிலேயே ரியல் அனாலிசிஸ் (மெய்யெண் பகுப்பாய்வு) ஒன்றும் விளங்கவில்லை. எனக்குக் கணிதம் வராதா?

வரும். ஆனால் இவ்வளவு நாளும் நீங்கள் செய்த வேலை வேறு, இப்போது கேட்கும் வேலை வேறு.

உயர்தர இணைந்த கணித வினாத்தாளை நினைத்துப் பாருங்கள். பகுதி ஏ-யில் 10 சிறு கேள்விகள், பகுதி பி-யில் ஏழில் ஐந்து. 14ஆம் கேள்வி எப்படி வரும், 17ஆம் கேள்வியில் என்ன வரும் என்று ரியூசன் சேர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். இருபது வருடப் பாஸ் பேப்பரைச் செய்தால் கை தானாக ஓடும். கேள்வியைப் பார்த்ததும் எந்த வகை என்று கண்டுபிடித்து, அந்த வகைக்குரிய படிகளை வேகமாக எழுதுவதுதான் அங்கே திறமை. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வேகம் இல்லாமல் நீங்கள் கம்பஸுக்கு வந்திருக்கவே முடியாது.

இங்கே வந்தால் கேள்வி இப்படி இருக்கிறது: 'ஒருங்கும் தொடரி ஒவ்வொன்றும் வரைப்புற்றது என நிறுவுக.' (முடிவில்லாமல் போகும் எண் வரிசைதான் தொடரி. அது ஓர் எல்லையை நெருங்கிப் போனால் ஒருங்கும், உறுப்புகள் எல்லாம் ஒரு வரம்புக்குள் அடங்கினால் வரைப்புற்றது.) எண் ஒன்றும் இல்லை. சுருக்க ஒன்றும் இல்லை. எங்கே தொடங்குவது? பல பேர் இங்கே பேனையை வைத்துவிட்டு, விரிவுரையாளர் எழுதிய நிறுவலை அப்படியே பாடமாக்கத் தொடங்குகிறார்கள். மூன்று கிழமைக்கு அது தாக்குப்பிடிக்கும். அப்புறம் நிறுவல்கள் முப்பது நாற்பது ஆகிவிடும், ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும்.

முதலில் பாடமாக்க வேண்டியது நிறுவலை அல்ல, வரைவிலக்கணத்தை. அதையும் சொல்லுக்குச் சொல், எதையும் விடாமல். முதல் வருடப் பயிற்சிகளில் பெரும்பகுதி, தந்த வரைவிலக்கணத்திலிருந்து வேண்டிய வரைவிலக்கணத்துக்குப் போகும் வழியைக் கேட்பதுதான். இரண்டு முனையும் தெரியாதவர் நடுவில் எதைத் தேடுவார்?

சரி, அந்த எப்சிலொன் விடயத்தை ஒருமுறை விளங்கப்படுத்துவீர்களா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

1/2, 2/3, 3/4, 4/5 என்று போகும் தொடரியை எடுங்கள். இதன் எல்லை 1. எல்லோருக்கும் பார்த்தவுடனே தெரியும். நிறுவச் சொன்னால்தான் பிரச்சினை. வகுப்பில் இதை இரண்டு பேரை வைத்துச் செய்வோம். ஒருவர் எப்சிலொன் சொல்வார், அதாவது பூச்சியத்தை விடப் பெரிய ஏதாவது ஓர் எண். மற்றவர் தொடரியில் ஓர் இடம் சொல்ல வேண்டும். முதலாமவர் '0.01' என்கிறார். அதாவது, எந்த இடத்துக்குப் பிறகு எல்லா உறுப்புகளும் 1-இலிருந்து 0.01-ஐ விடக் குறைந்த தூரத்தில் இருக்கும்? உறுப்புகளுக்கும் 1-க்கும் உள்ள இடைவெளி 1/2, 1/3, 1/4 என்று குறைகிறது. 99ஆவது உறுப்பு 99/100, இடைவெளி சரியாக 0.01. ஆகவே 99-க்குப் பிறகு எல்லாம் உள்ளே. '0.001' என்றால் 999-க்குப் பிறகு. அவர் எவ்வளவு சிறிய எண்ணைச் சொன்னாலும் இவரிடம் ஒரு பதில் இருக்கிறது. எப்சிலொன் சின்னதாக ஆக, இடம் தள்ளிப்போகும், ஆனால் இடம் உண்டு. இதுதான் ஒருங்கல்.

இப்போது ஒழுங்கை மாற்றிப் பாருங்கள். விடைத்தாள்களில் நாங்கள் அடிக்கடி காணும் பிழை இது. 'ஓர் இடம் உண்டு, அதற்குப் பிறகு எந்த எப்சிலொனுக்கும் இடைவெளி அதைவிடக் குறைவு' என்று எழுதிவிடுகிறார்கள். சொற்கள் எல்லாம் அதே சொற்கள்தான். ஆனால் இப்போது இடத்தைச் சொல்பவர் முதலில் பேசிவிட்டார். அவர் ஒரு கோடி என்று சொன்னாலும் மற்றவர் அந்த இடத்து இடைவெளியில் பாதியை எப்சிலொனாகச் சொல்லி வென்றுவிடுவார். மாற்றி எழுதிய வசனம் உண்மையாக வேண்டுமென்றால் இடைவெளி பூச்சியமாகவே இருக்க வேண்டும், அதாவது தொடரி ஓரிடத்துக்குப் பிறகு 1-இலேயே நிற்க வேண்டும். எங்கள் தொடரி ஒருபோதும் 1-ஐத் தொடுவதில்லை.

மேலே சொன்ன 'ஒருங்குவது வரைப்புற்றது' நிறுவலுக்கு வருவோம். அதில் விரிவுரையாளர் 'எப்சிலொனை 1 என எடுப்போம்' என்று தொடங்குவார். 'எப்சிலொனை நாங்கள் எடுக்கக்கூடாது, மற்றவர்தானே தரவேண்டும்?' என்று ஒரு தங்கச்சி கேட்டார். நல்ல கேள்வி. ஒருங்கல் என்பதை நிறுவ வேண்டியபோது எப்சிலொன் எதிராளியின் கையில். ஒருங்கல் என்பது தரப்பட்டிருந்தால் எப்சிலொன் எங்கள் கையில், விரும்பியதை எடுக்கலாம். 1 எடுத்தால், ஓரிடத்துக்குப் பிறகு எல்லா உறுப்புகளும் எல்லையிலிருந்து 1 தூரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு முன்னால் இருப்பவை முடிவுள்ள எண்ணிக்கை, அவற்றுள் பெரியதையும் சிறியதையும் கையால் பொறுக்கி எடுக்கலாம். வேலை முடிந்தது. 'யார் கையில் எப்சிலொன்?' என்ற கேள்வியைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தொடர்ச்சி, சீரான தொடர்ச்சி, தொடர்களின் ஒருங்கல் என்று எங்கே போனாலும் திரும்பத் தேவைப்படும்.

அசைன்மெண்ட் செய்து தருவீர்களா?

இல்லை. காசு கூடத் தருகிறோம் என்றாலும் இல்லை. நீங்கள் பாதி எழுதி நின்ற இடத்தைக் கொண்டுவந்தால், அந்த இடத்திலிருந்து கதைக்கலாம்.

எந்தெந்தப் பாடங்களுக்கு உதவி கிடைக்கும்?

நுண்கணிதம், ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜிப்ரா, வகையீட்டுச் சமன்பாடுகள், குலக் கொள்கை வரையான அப்ஸ்ட்ரக்ட் அல்ஜிப்ரா, சிக்கலெண் பகுப்பாய்வு, நியூமரிக்கல் முறைகள், நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும். நான்காம் வருட மெஷர் தியரி, டொபொலொஜி போன்றவற்றுக்கு முன்கூட்டியே கேளுங்கள், ஆள் இருந்தால்தான் ஓம் சொல்வோம்.

ஒரு கவனிப்பு: வகையீட்டுச் சமன்பாட்டுக்கு உதவி கேட்டு வருபவர்கள்தான் கூட. அது ஏ.எல். பாணிக்குக் கிட்ட இருப்பதால் பயிற்சி செய்யச் சுகமாக இருக்கிறது. புள்ளி போவது என்னவோ லீனியர் அல்ஜிப்ராவில்தான். தாயத்தை (மெட்ரிக்ஸ்) குறுக்குவது, துணிகோவை (டிடர்மினன்ட்) காண்பது வரை சிரிப்போடு இருப்பார்கள். காவி வெளி (வெக்டர் ஸ்பேஸ்), அடிமூலம், நேரியல் சாராமை என்று வந்ததும் வகுப்புக்கு வருவது குறையும். அப்போதுதான் வரவேண்டும்.

பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில். கம்பஸில் எல்லாம் இங்கிலிஷ். என்ன செய்வது?

தமிழில் யோசியுங்கள், தமிழில் கதையுங்கள், இங்கிலிஷில் எழுதுங்கள். கணிதத்துக்குத் தேவைப்படும் இங்கிலிஷ் மிகவும் கொஞ்சம். நிறுவல்களில் வரும் வசனங்கள் ஒரு ஐம்பதுக்குள் அடங்கும், அவையே சுற்றிச் சுற்றி வரும். விரிவுரைக் குறிப்பிலிருந்து அவற்றைப் பொறுக்கி ஒரு தனிக் கொப்பியில் எழுதச் சொல்கிறோம். எங்கள் வகுப்பில் விளக்கம் தமிழில் நடக்கும், பலகையில் எழுதுவது இங்கிலிஷில் இருக்கும். முழு வகுப்பையும் இங்கிலிஷில் நடத்தச் சொல்லிக் கேட்ட பெற்றோர் இருக்கிறார்கள். அதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. விளங்காத விடயத்தை விளங்காத பாஷையில் கேட்டு யாருக்கு என்ன லாபம்?

போனில் கேட்டால் ஏஐ முழு நிறுவலையும் எழுதித் தருகிறது. பிறகு ஏன் வகுப்பு?

பாவியுங்கள், தடுக்கவில்லை. ஒரு வரைவிலக்கணத்துக்கு உதாரணம் கேட்க, எழுதியதைச் சரிபார்க்க அது நல்லது. ஆனால் சில நேரம் நிறுவ வேண்டிய விடயத்தையே இடையில் உண்மை என்று எடுத்துக்கொண்டு, மிகவும் நம்பிக்கையாக முடித்துவிடும். அதைப் பிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது உதவும். பரீட்சை மண்டபத்தில் போன் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு பாடத்துக்கு எவ்வளவு நேரம் படிக்க வேண்டும்?

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது மொத்தம் 50 மணித்தியாலப் படிப்பு. விரிவுரையாக நடப்பது கிரெடிட்டுக்கு 15 மணித்தியாலம். ஆக, 3 கிரெடிட் பாடத்துக்கு 150 மணித்தியாலத்தில் 45 மட்டுமே வகுப்பறையில். மீதி 105 உங்கள் தலையில். 15 கிழமை செமஸ்டருக்குப் பிரித்தால் ஒரு பாடத்துக்குக் கிழமைக்கு 7 மணித்தியாலம். ஐந்து பாடம் எடுப்பவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். யாரும் முழுதாகச் செய்வதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். பாதியாவது செய்பவர்களுக்கு ஸ்டடி லீவில் அழுகை இல்லை.

ஒரு பாடத்தில் 'ஈ' வந்துவிட்டது. ஜிபிஏ என்ன ஆகும்?

கணக்கு மிகவும் எளிது, ஆனால் வியக்கும் அளவுக்குப் பலர் ஒருமுறையும் போட்டுப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் தரப்புள்ளியால் பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 'ஏ' என்றால் 4.0, 'பி' 3.0, 'சி' 2.0, 'ஈ' 0. மூன்று கிரெடிட் பாடத்தில் ஏ, இன்னொரு மூன்று கிரெடிட்டில் சி, இரண்டு கிரெடிட்டில் பி என்று வைப்போம்: 12, 6, 6 கூட்டினால் 24, எட்டால் வகுத்தால் 3.0. அந்த சி இருந்த இடத்தில் ஈ வந்திருந்தால் 18-ஐ எட்டால் வகுக்க 2.25. ஒரே பாடம், இவ்வளவு இறக்கம்.

ரிப்பீட் எழுதி மீட்கலாம். ஆனால் பெரும்பாலான பீடங்களில் ரிப்பீட்டுக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி-க்கு மேல் தரமாட்டார்கள். ஆகவே 'இந்தமுறை விட்டுவிட்டு அடுத்தமுறை நன்றாக எழுதுவோம்' என்ற சீனியர் புத்திமதியை நம்ப வேண்டாம். உண்மையிலேயே சுகமில்லாமல் பரீட்சைக்குப் போகமுடியாவிட்டால் கதை வேறு. மெடிக்கலை உரிய நாளுக்குள் கொடுத்து ஏற்றுக்கொண்டால், அடுத்தமுறை எழுதுவது முதல் தடவையாகக் கணிக்கப்படும். பிந்திக் கொடுத்து இந்த வாய்ப்பை இழந்த பிள்ளைகள் உண்டு. பீடத்துக்குப் பீடம் விதி கொஞ்சம் மாறும், கையேட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் ஆலோசனைக்கு வரும்போதும் அந்தப் படம் வேண்டும், வாய்வழிக் கதையை வைத்து நாங்கள் பதில் சொல்வதில்லை.

மூன்று வருடத்தோடு முடிப்பதா, நான்கு வருட ஹொனர்ஸா?

மூன்று வருடப் பட்டம் தகைமைச் சட்டகத்தில் 5ஆம் நிலை, குறைந்தது 90 கிரெடிட். நான்கு வருட ஹொனர்ஸ் 6ஆம் நிலை, 120 கிரெடிட். பெரும்பாலும் இரண்டாம் வருட முடிவில் பெறுபேற்றைப் பார்த்துத்தான் ஹொனர்ஸுக்கு எடுப்பார்கள். அதனால் இந்தக் கேள்வியை முதலாம் வருடத்திலேயே கேட்பவர் புத்திசாலி.

விரிவுரையாளர் ஆகவோ வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகவோ எண்ணம் இருந்தால் ஹொனர்ஸ்தான், யோசிக்கவே வேண்டாம். கடைசி வருட ஆய்வு வேலையும், அதைப் பார்த்த விரிவுரையாளர் எழுதும் பரிந்துரைக் கடிதமும் வேறு வழியில் கிடைப்பது கஷ்டம். வீட்டு நிலைமை உடனே உழைக்கச் சொல்கிறது என்றால் மூன்று வருடத்தோடு வெளியே வருவதில் ஒரு குறையும் இல்லை. 'பட்ச்சில் எல்லோரும் போகிறார்கள்' என்பதற்காக மட்டும் போக வேண்டாம். நான்காம் வருடத்துத் தூய கணிதம், பிடிக்காதவருக்குப் பெரிய தண்டனை.

தூய கணிதமா, புள்ளிவிபரவியலா, கணினிப் பக்கமா என்பதற்கு எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: போன செமஸ்டரில் யாரும் சொல்லாமல் எந்தப் பாடத்தின் பயிற்சியை மேலதிகமாகச் செய்தீர்கள்?

கம்பஸில் கல்வி ஆலோசகர் என்று ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். அவரிடம் போக வேண்டுமா?

கட்டாயம் போங்கள். எங்களை விட அவரால் கூடச் செய்ய முடியும். பாடத்தெரிவு, கால எல்லை, கையொப்பம் எல்லாம் அவர் பக்கம். தயக்கம் புரிகிறது. சேருக்கு முன்னால் போய் 'விளங்கவில்லை' என்று சொல்ல எங்கள் பிள்ளைகளுக்கு வாய் வராது. அதனால் போகும் முன் எங்களோடு ஒருமுறை கதைத்துப் பார்க்கலாம். பெறுபேற்றுத் தாள், எடுக்க விரும்பும் பாடங்களின் பட்டியல், அவற்றுக்கு முன்தேவையான பாடங்கள் முடிந்தனவா என்ற குறிப்பு, இவற்றோடு போனால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். 'எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, சேர்' என்று தொடங்குவதை விட 'இந்த இரண்டில் எதை எடுப்பது, சேர்?' என்று கேட்டால் அவருக்கும் பதில் சொல்ல இலகு.

வீட்டுப் பிரச்சினை, மனச்சோர்வு, ராகிங் போன்றவற்றுக்கு மாணவர் ஆலோசகர் வேறாக இருக்கிறார். இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கணிதம் படித்தால் கடைசியில் ரீச்சர் வேலைதானே? (பெற்றோர்)

அப்படியே இருந்தாலும் என்ன, ஐயா? நகரத்துக்கு வெளியே, ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கம் உயர்தரக் கணிதம் படிப்பிக்க ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்தால் அந்த ஊருக்கே அது பெரிய விடயம். ஆனால் கதவு அது ஒன்று மட்டும் அல்ல. வங்கி, காப்புறுதி, தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம், மென்பொருள், தரவுப் பகுப்பாய்வு என்று போனவர்கள் இருக்கிறார்கள். காப்புறுதிக் கணிப்பாளர் ஆக விரும்பினால் அதற்குத் தனியாகத் தொழில்சார் பரீட்சைகள் எழுத வேண்டும், நிகழ்தகவில் நல்ல பிடி உள்ளவர்கள் கம்பஸில் இருக்கும்போதே தொடங்கலாம். எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு நிரல் மொழியில் கொஞ்சம் கை பழகியிருப்பது நல்லது. பைத்தன் போதும்.

மகன் பெறுபேற்றைச் சொல்வதில்லை. நீங்கள் கேட்டுச் சொல்வீர்களா?

மாட்டோம். அவர் சம்மதித்தால் மூன்று பேருமாக இருந்து கதைக்கலாம்.

வகுப்பு எங்கே, எப்போது? கட்டணம்?

நேரடி வகுப்பு உவர்மலையில், சனி ஞாயிறு காலையில். மாலையில் வைக்கச் சொல்லி நகரத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வரும் பெண்பிள்ளைகள் இருட்டும் முன் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் காலையை மாற்றுவதில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்க முன்னர் படித்தவர்களைக் கேட்டால் பாதைப் படகுக்குக் காத்திருந்த கதை சொல்வார்கள். இப்போது பஸ் பிந்தினால் மட்டும்தான் பிரச்சினை.

ஒன்லைன் வகுப்பு இரவு எட்டு மணிக்குப் பிறகு. ஹொஸ்டலில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் கமராவை நிறுத்தலாம், ஆனால் எழுதும் தாளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட வேண்டும். ஒரு குழுவில் ஐந்து பேருக்கு மேல் இல்லை. கட்டணம் குழுவாகப் பகிர்ந்தது. மகாபொலப் புலமைப்பரிசிலில் மட்டும் காலம் தள்ளுபவர்கள் முதலிலேயே சொல்லுங்கள், பாதி போதும். ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.

நான் மூன்றாம் வருடம். ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சேரலாமா?

சேரலாம். ஒரே நிபந்தனை: பேனை ஜூனியரின் கையில் இருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கும் ஆர்வத்தில் அண்ணாமாரும் அக்காமாரும் ஐந்தாவது நிமிடத்தில் பேனையைப் பறித்துத் தாங்களே எழுதத் தொடங்குகிறார்கள். அழகான நிறுவல் வரும், ஜூனியர் தலையாட்டுவார், அடுத்த கிழமை அதே கேள்வியோடு திரும்பி வருவார். அவர் பிழையாக எழுதினாலும் அந்த வரி முடியும்வரை பொறுங்கள். பிறகு 'இந்த வரி மேலே எந்த வரியிலிருந்து வந்தது?' என்று மட்டும் கேளுங்கள். அநேகமாக அவரே வெட்டிவிட்டுத் திருத்துவார்.

பரீட்சைக்கு இன்னும் ஒரு கிழமைதான். இப்போது வந்தால் எடுப்பீர்களா?

எடுப்போம், ஆனால் முழுப் பாடத்தையும் ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டாம். அந்தக் கிழமையில் வரைவிலக்கணங்கள் அனைத்தையும் பாராமல் எழுத வைப்போம், விரிவுரையில் பெயர் சொல்லி நிறுவிய முக்கியத் தேற்றங்களில் ஏழெட்டைச் செய்ய வைப்போம், கடைசி இரண்டு வருட வினாத்தாளை நேரம் பிடித்து எழுத வைப்போம். வரும்போது விரிவுரைக் குறிப்பு, டியூட்டோரியல் தாள்கள், நீங்கள் எழுதி இடையில் விட்ட பக்கங்கள் எல்லாம் வேண்டும். வெட்டிக் குத்தி இருந்தாலும் பரவாயில்லை, நண்பரின் சுத்தமான கொப்பியின் போட்டோப் பிரதி வேண்டாம்.